வேலையை விட்டால் வரையலாமா? கலியாணத்துக்கு முன் ஒரு கணக்கு

சித்தியின் மகளுக்கு வருகிற தையில் கலியாணம். வங்கியில் வேலை, கொழும்பு வெள்ளவத்தையில் வீடு, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு படம் வரைவது என்று அவள் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டு சிறுவர் புத்தகங்களில் அவள் வரைந்த படங்கள் வந்திருக்கின்றன. போன கிழமை போன் எடுத்தாள். கூறைச்சேலைக் கதை, மண்டபக் கதை எல்லாம் முடிந்த பிறகு மெல்லக் கேட்டாள்: "அக்கா, கலியாணம் முடிய வேலையை விட்டிட்டு வரையிறதிலயே நிக்கலாமோ? இல்லாட்டி வரையிறதைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வைக்கவோ?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் கதை எழுதுகிறவள். கலியாணமாகிப் பத்து வருடம், ஆறு வயதில் ஒரு மகன். அவள் சொன்ன இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டேன். அவள் சொல்லாத மூன்றாவது வழியில்தான் இப்போது நிற்கிறேன். நாலாவது ஒன்று உண்டு, அதில் போனவள் என் தோழி. அரை மணித்தியாலப் போன் கதையில் இதெல்லாம் அடங்காது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒதுக்கி வைப்பதைப் பார்ப்போம். "பிள்ளை கொஞ்சம் வளரட்டும், பிறகு ஆறுதலா எழுதலாம்தானே" என்று எனக்குச் சொன்னது மாமி. அன்பாகத்தான் சொன்னார், அதனால் மறுக்கவும் மனம் வரவில்லை. பிள்ளை பிறந்து ஒன்றரை வருடம் ஒரு வரி எழுதவில்லை. அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. இரவில் மூன்று தரம் எழும்புகிற உடம்பு கதை எழுதாது. இலங்கையில் தனியார் கந்தோர்களில் (அலுவலகங்களில்) மகப்பேற்று லீவு 84 நாட்கள். வார விடுமுறையும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் அரச விடுமுறையும் அந்தக் கணக்கில் சேராததால் இழுத்தால் நாலு மாதத்துக்குக் கிட்ட வரும். முன்பு மூன்றாவது பிள்ளைக்கு அதில் பாதி, 42 நாள்தான். 2018இல் சட்டத்தைத் திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக்கினார்கள். ஆனால் அந்த நாட்களைக் கதைக்கான லீவாக யாரும் மனக்கோட்டை கட்டவேண்டாம். நான் கட்டினேன். ஒரு கொப்பி கூட வாங்கி வைத்திருந்தேன். அதில் கடைசியில் எழுதப்பட்டது பிள்ளை பால் குடித்த நேரங்கள்தான்.

என் பிழை வேறு இடத்தில். ஒதுக்கி வைத்தபோது எப்போது திரும்ப எடுப்பேன் என்று ஒரு திகதி போடவில்லை. ஒன்றரை வருடம் மூன்று வருடமாயிற்று. "வளரட்டும்" என்ற சொல்லுக்கு நம் ஊரில் முடிவு ஏது? முன்பள்ளி முடியட்டும் என்பார்கள். அப்புறம் முதலாம் ஆண்டு, அப்புறம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில். அந்தப் பரீட்சை பிள்ளைக்கா அம்மாவுக்கா என்பதே கொழும்பில் தீராத சந்தேகம். பிறகு சாதாரண தரம், உயர்தரம். 30 வயதில் பிள்ளை பெறுகிற ஒருத்தி உயர்தரம் முடியட்டும் என்று காத்திருந்தால் அவளுக்கு 48, 49 ஆகிவிடும். அதற்குப் பிறகும் எழுதலாம், வரையலாம், ஆனால் இருபது வருடம் தொடாத கை திரும்ப ஆனா ஆவன்னாவில் இருந்துதான் தொடங்கும். ஒதுக்கி வைக்கிறதானால் மாதமும் வருடமும் குறித்து, அதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

இனி வேலையை விடுவது. இதில்தான் நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இதில்தான் நன்றாக அடிபட்டேன்.

மகனுக்கு மூன்று வயதானபோது விட்டேன். பதினாலு மாதம் வீட்டில் இருந்தேன். அந்தப் பதினாலு மாதத்தில் எழுதியது இரண்டு கதை. பிள்ளை பிறக்கும் முன், காலையில் கொள்ளுப்பிட்டிக்குப் போய் மாலையில் களைத்து வந்த நாட்களில், வருடத்துக்கு நாலைந்து எழுதியிருக்கிறேன்! இது எப்படி நடந்தது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வசனத்தில் வந்து நின்றேன். "நீங்கள் வீட்டிலதானே நிக்கிறீங்கள்."

ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். எட்டு மணிக்கு மகனை முன்பள்ளியில் விட்டுவிட்டு வந்து மேசையில் இருக்கிறேன். பதினொன்றரைக்குக் கூட்டி வரவேண்டும், ஆக மூன்று மணித்தியாலம் கையில். எட்டே முக்காலுக்கு மாமி, "பிள்ளை, மீன்காரன் வந்திட்டான், ஒருக்கா பார்". ஒன்பதரைக்குக் கீழ்மாடி அன்ரி, "மகன்ர பார்சல் ஒண்டு வருமாம், நான் கோயிலுக்குப் போறன், வாங்கி வைக்கிறீரோ". பத்தேகாலுக்கு இவர் கந்தோரிலிருந்து, "காஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டனான், வீட்டில நிப்பீர்தானே". ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலை. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கதையில் ஒரு பெண் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள். அன்று முழுக்க அவளை நான் ரயிலில் ஏற்றவில்லை. கந்தோரில் இருந்த காலத்தில் இதே மூன்று பேரும் இதே மூன்று விஷயத்தையும் நான் இல்லாமலே சமாளித்தார்கள்.

காசுக் கதையும் உண்டு. சிறுகதையால் வீட்டுச் செலவு பார்க்கலாம் என்று யாரும் கனவு காண்பதில்லை, சரி. ஆனாலும் எவ்வளவு குறைவு என்பது கையில் வரும்போதுதான் தெரிகிறது. இங்கே ஒரு தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் 300 அல்லது 500 பிரதிதான் அடிக்கப்படுகிறது, அதுவும் அநேகமாக எழுதியவரின் காசில். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்குகிறவர் உறையில் வைக்கிற தொகையும், வந்த சொந்தக்காரர் வாங்குகிற பிரதிகளும் சேர்ந்து அச்சகக் கணக்கை மூடினால் அது வெற்றி. மிச்சப் பிரதிகள் கட்டிலுக்குக் கீழே.

மறுபக்கம், மாதாமாதம் இழப்பது சம்பளத்தை மட்டும் என்று நினைக்கக்கூடாது. ஊழியர் சேமலாப நிதிக்கு நாங்கள் போடுவது 8 வீதம், கந்தோர் போடுவது 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். வேலையை விட்ட அன்றே கந்தோர் தருகிற அந்தப் 15 வீதமும் நிற்கும். சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம் என்பது பொதுவான விதி. ஆனால் கலியாணத்துக்காக வேலையை விடுகிற பெண் அதற்கு முன்னமே எடுக்கலாம் என்று தனியாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கலியாணம் முடிக்கிற ஆம்பிளைக்கு அப்படி ஒன்று இல்லை. அந்தப் படிவத்தை முதல் தரம் பார்த்தபோது, நான் விட்டுவிடுவேன் என்று எனக்கு முன்னமே யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. தங்கச்சி, அந்தக் காசைத் தொடாதே. தளபாடமாக மாறிவிடும்.

காசு நின்றதால் வந்த இன்னொன்று, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இவர் ஒரு நாளும் கணக்குக் கேட்டதில்லை. ஆனாலும் பிரிண்டருக்கு மை வாங்க முன் நானாகவே "வாங்கட்டோ" என்று கேட்கத் தொடங்கினேன். கேட்கக் கேட்க, ஒவ்வொரு கதையும் அந்த மைக்குப் பெறுமதியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தோடு எழுதிய இரண்டு கதையும் நல்லாயில்லை.

வேலையை விடுவது எப்போதும் பிழை என்று சொல்ல வரவில்லை. கைப்பிள்ளையோடு தினமும் கட்டுநாயக்கா வரை போய்வருகிறவளுக்கு அது மூச்சு விடுகிற வழியாக இருக்கலாம். ஒரு நாவலோ ஒரு கண்காட்சியோ முடிக்க ஆறு மாதம் விடுவதும் நியாயம்தான். ஆனால் அப்படி விடுகிறவள் பிள்ளையை டே கெயாரில் விடுவதை நிறுத்தக்கூடாது. "வேலைக்கும் போகேல்லை, பிள்ளையையும் கொண்டுபோய் விடுறா" என்று ஊர் கதைக்கும். அந்தக் கதையைத் தாங்கத் தயாரில்லையென்றால் வேலையை விட்டுப் பிரயோசனமில்லை. நான் தயாரில்லை. டே கெயாரையும் சேர்த்தே நிறுத்தினேன்.

நாலாவது வழியை இப்போதே சொல்லிவிடுகிறேன், கலையையே தொழிலாக்குவது. வெளியிலிருந்து பார்த்தால் இதுதான் ஆக அழகான வழி. பத்திரிகை வேலையில் அப்படி ஒரு வாழ்க்கை முழுவதும் நின்றவர் நம் கொழும்பிலேயே இருந்தார். வீரகேசரியில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய அன்னலட்சுமி இராஜதுரை, "யாழ்நங்கை" என்ற பெயரில் கதையும் கவிதையும் எழுதியவர். ஆனால் என் கண்முன்னால் நான் பார்த்தது இன்னொன்று.

என் தோழி பரதம் ஆடுகிறவள். வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகள் எல்லாம் எழுதி, ஆசிரியர் தரமும் சித்தியடைந்து கலாவித்தகர் ஆனவள். மகள் பிறந்த பிறகு வீட்டு ஹோலில் வகுப்புத் தொடங்கினாள். ஆறு மாதத்தில் முப்பது பிள்ளைகள். கீழ்மாடிக்காரர் கூரை இடிகிறது என்று சண்டைக்கு வர, ஒழுங்கைக்கு ஒழுங்கை ஹோல் தேடி வாடகைக்கு எடுத்தாள். காசும் வருகிறது, பெயரும் வருகிறது, மகளும் வகுப்பின் மூலையில் படம் கீறிக்கொண்டு கண்முன்னால் இருக்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஒரு நாள் போய் இருந்து பார்த்தேன். நிலத்தில் சப்பாணி கட்டி, முன்னால் தட்டுமனை, கையில் தட்டுக்கழி. தெய்யா தெய், தெய்யா தெய். தட்டடவு, புதுப் பிள்ளைகளின் முதல் பாடம். அந்த வகுப்பு முடிய அடுத்த வகுப்பு, மறுபடி தட்டடவு. "உன்ர வர்ணம் எப்ப கடைசியா ஆடினனீ?" என்று கேட்டேன். வர்ணம் என்பது பரதக் கச்சேரியின் நீளமான, பெரிய உருப்படி. கழியைக் கீழே வைத்து யோசித்தாள். "மகள் பிறக்க முன்னம்." முழங்காலை மடித்து நிற்கிற அரைமண்டியில் இரண்டு நிமிடம் நிற்க முடியவில்லை என்றாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பெற்றோர் கேட்பது தரப் பரீட்சையும் அரங்கேற்றமும். டீச்சர் எப்போது ஆடுவா என்று யாரும் கேட்பதில்லை.

வரைகிற பெண்ணுக்கு இதே பொறி வேறு உருவத்தில் வரும். கலியாணக் காட், கடைக்கு லோகோ, சாமத்தியவீட்டு மேடையின் பின்திரை. செய்யலாம், பிழையில்லை. ஆனால் வங்கிச் சம்பளத்தின் இடத்துக்கு அதைக் கொண்டுவந்தால் உனக்கென்று வரைகிற படம் எப்போதும் வரிசையில் கடைசியில் நிற்கும்.

சரி, என் வழி. வேலையும் இருக்கும், எழுத்தும் இருக்கும், எழுத்து ஓரங்களில் நடக்கும். இது புது வழியில்லை, எங்கள் பெண்கள் ஏற்கெனவே நடந்து தடம் விழுந்த வழிதான். கோகிலா மகேந்திரன் பாடசாலை அதிபராக இருந்துகொண்டே கதை எழுதினார், நாடகமும் போட்டார். தாமரைச்செல்வி வன்னியில் வயல் வாழ்க்கைக்கு நடுவில் இருந்து அந்த மண்ணின் கதைகளை எழுதினார். இவர்களில் யாரும் "முழுநேர எழுத்தாளர்" என்று அட்டை அடித்துக்கொண்டு இருக்கவில்லை.

திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கியபோது 100ஆம் இலக்க பஸ் எனக்கு எழுத்து மேசை ஆனது. வெள்ளவத்தையில் ஏறினால் கொள்ளுப்பிட்டி வரை காலி வீதி நெரிசலில் முப்பது நாற்பது நிமிடம். பின்பக்கத்து யன்னல் சீட் கிடைத்தால் போனில் ஒரு பந்தி தட்டிவிடலாம். நான் சிறுகதை எழுதுவது என் ரசனையால் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பாதி அந்த பஸ்ஸின் நீளம்தான் என்று இப்போது படுகிறது. நாவல் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்கிறது.

இந்த வழி எல்லாக் கலைக்கும் ஒத்துவராது, இதைத்தான் தங்கச்சி நன்றாக யோசிக்க வேண்டும். எழுத்து உடைத்து உடைத்துச் செய்யக்கூடியது, கைப்பையில் அடங்கும். பாட்டு அப்படியில்லை. அதிகாலைச் சாதகம் என்றால் தொடர்மாடி வீட்டில் முதலில் எழும்புவது பிள்ளை, அடுத்தது பக்கத்து வீடு. நடனத்துக்கு நிலம் வேண்டும், சூடேறிய உடம்பு வேண்டும். நாடகம் எல்லாவற்றிலும் கஷ்டம். ஒத்திகை மாலை ஐந்தரைக்குத் தொடங்கும், இன்னும் எட்டுப் பேர் உனக்காகக் காத்திருப்பார்கள். பிள்ளையின் குளிப்பு, சாப்பாடு, நித்திரை மூன்றும் விழுவது அதே ஐந்தரைக்கும் எட்டரைக்கும் நடுவில். புத்தக வெளியீடுகளும் அந்த நேரம்தான். நான் எத்தனை வெளியீட்டுக்குப் போகவில்லை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஓவியம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நேரத்தை உடைக்கலாம், ஆனால் இடத்தை உடைக்க முடியாது. தண்ணீர்வர்ணம் பாதியில் காய்ந்தால் காய்ந்ததுதான், எண்ணெய் வர்ணக் குழாய் தவழ்கிற பிள்ளையின் வாய்க்குத்தான் போகும். டப்லெட்டில் வரைந்தால் அந்தப் பிரச்சினை பாதி தீரும், ஆனால் அவளுக்குத் தாளில் தூரிகை ஓடுகிற சத்தம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது சாப்பாட்டு நேரத்தில் யாரும் துப்புரவாக்காத ஒரு மேசை. வெள்ளவத்தை வீட்டைச் சித்தப்பா அவளுக்குச் சீதனமாகத்தான் எழுதுகிறார். வீடு அவள் பெயரில் இருக்கும். அந்த வீட்டில் ஒரு மேசையும் அவள் பெயரில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பஸ்ஸில் எழுதுவதால் மட்டும் நான் திரும்ப எழுத்துக்கு வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இவரோடு இருந்து கதைத்து ஒரு ஒழுங்குக்கு வந்தோம். சனிக்கிழமை காலை எட்டிலிருந்து ஒரு மணிவரை நான் வீட்டில் இல்லை. மகனும் இவரும் நீச்சல், சலூன், மரக்கறி வாங்குவது என்று தங்கள் பாட்டில் போவார்கள். நான் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போவேன், அங்கே சரிவராவிட்டால் காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மாடி. வீட்டுக்குள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்து முதலில் முயன்று பார்த்தோம். சரிவரவில்லை. கதவுக்கு வெளியே "அம்மா எழுதுறா, சத்தம் போடாதை" என்று இவர் மகனை அதட்டுகிற சத்தத்தில்தான் எனக்கு எழுத வராமல் போனது.

முதல் மாதம் மாமிக்குப் பிடிக்கவில்லை. எங்கே போகிறேன் என்று ஒவ்வொரு சனியும் கேட்டார். "கந்தோருக்கு" என்று பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன், ஏனென்றால் அரைநாள் வேலை என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. சொல்லவில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து அவரே தோசையைச் சுற்றித் தந்துவிடுகிறார்.

ஐந்து மணித்தியாலம், வருடத்துக்கு ஐம்பது சனி. காய்ச்சல், கலியாணவீடு எல்லாம் போக நாற்பது என்று வைத்தாலும் 200 மணித்தியாலம். 45 மணித்தியால வேலைக் கிழமையாகப் பார்த்தால் நாலரைக் கிழமை. வேலையை விட்டு வீட்டில் இருந்த பதினாலு மாதத்தில் எனக்கு அவ்வளவு கிடைத்திருக்காது. போன வருடம் ஆறு கதை எழுதினேன். இரண்டு திருப்பி அனுப்பப்பட்டன, அது வேறு கதை.

அதற்காக இதில் சேதாரம் இல்லை என்று சொல்லமாட்டேன். வேலை, பிள்ளை, சனிக்கிழமை மூன்றையும் பிடித்தபின் தோழிகள் போய்விட்டார்கள். போன் எடுக்காமல் விட்டுப்போன சிநேகிதம் மூன்று நாலு உண்டு. கந்தோரிலும் அடுத்த பதவிக்குக் கேட்டபோது வேண்டாம் என்றேன், அதற்குச் சனியும் வரவேண்டும் என்பதால். என்னோடு சேர்ந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். இவரும் சனிக்கிழமைகளில் முன்பு போன இடங்களுக்குப் போவதில்லை. இரண்டு பேரும் ஏதோ கொடுத்துத்தான் ஓடுகிறது.

தங்கச்சிக்கு என் அபிப்பிராயம்: வங்கி வேலையை விடாதே. வரைவதையும் ஒதுக்காதே. முதல் பிள்ளை வந்து ஒரு வருடம் கை நின்றால் நிற்கட்டும், ஆனால் நாட்காட்டியில் திகதி போடு. கிழமையில் ஒரு நேரத்தைக் கலியாணமான முதல் மாதத்திலேயே பிடித்துவிடு. அப்போது வீட்டில் வேலை குறைவு, அந்த நேரம் தேவையில்லை என்றுகூடத் தோன்றும். அதனால்தான் அப்போது பிடிக்கவேண்டும். பிள்ளை பிறந்த பிறகு புதிதாக ஐந்து மணித்தியாலம் கேட்டால் அது அம்மா பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற கதையாகிவிடும். பிள்ளைக்கு முன்னமே இருந்தால் அது அவளுடைய வழமை. நான் எட்டு வருடம் பிந்திக் கேட்டேன், அதனால் தெரியும்.

கேட்க நல்ல நேரம் இதுதான். பொருத்தம் பார்த்தாயிற்று, மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று, மணவறையில் எத்தனை பூ என்பது வரை இரண்டு வீட்டாரும் இருந்து கதைக்கிறார்கள். அதோடு இதையும் மாப்பிள்ளையிடம் நேரே கேட்டுவிடு என்றேன்.

கேட்டாளாம். நேற்று மெசேஜ் போட்டிருந்தாள். "சனி எனக்கு கிரிக்கெட், ஞாயிறு எண்டால் ஓகேயோ" என்றாராம். ஞாயிறு காலை என்றால் பிள்ளைக்கு அறநெறி வகுப்பு வரும், யார் கூட்டிக்கொண்டு போவது என்று அப்போது ஒரு சண்டை வரும். வரட்டும், அதற்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. ஞாயிறையே எடு என்று பதில் போட்டேன்.